திரைப் பலகைக்குத் தூசி தட்டினால் போதுமா?

திருப்பதி:— திருமலைக்குப் படியேறும் பக்தர்களுக்கு அலிபிரி என்பது மலையடிவாரம். அங்கே பிழைப்பு நடத்தும் நம்மவர்களுக்கோ அதுதான் ஊர். பூக்கடை, ஓட்டல், வாடகைக் கார், அலுவலக எழுத்து வேலை என்று தொழில் பலவிதம். யாத்ரீகர் கூட்டத்துக்கு இரவு பகல் கிடையாது. ஆகவே பல வீடுகளில் வேலைக்குப் போய்த் திரும்பும் நேரத்துக்கும் ஒழுங்கு கிடையாது. பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்கப் பெற்றோருக்கு நேரமில்லை. டியூஷன் வைக்க எல்லோருக்கும் வசதியுமில்லை. பள்ளிக்கூடத்தில் கிடைப்பதுதான் படிப்பு.

அந்தப் பள்ளிக்கூடத்தில் இப்போது கரும்பலகைக்குப் பக்கத்தில் விரலால் தொட்டு எழுதும் பெரிய மின் திரையும் இடம் பிடித்திருக்கிறது. அது எவ்வாறு பயன்படுகிறது என்று பார்வையிட எம்.இ.ஓ.வோ, டி.இ.ஓ. அலுவலகத்தாரோ, மேலிருந்து குழுவோ வருவதும் உண்டு. அத்தகைய பார்வைக்கு ஒரு பள்ளி எப்படித் தயாராக வேண்டும்? ஆசிரியர்கள் மட்டும் யோசிக்க வேண்டிய கேள்வி அல்ல இது. பிள்ளையை அனுப்புகிற நாமும் தெரிந்துகொள்ள வேண்டியது.

சுண்ணாம்பு அடிக்கும் வழக்கம்

இன்ஸ்பெக்‌ஷன் என்றால் என்ன நடக்கும் என்பதை நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரேணிகுண்டா ஸ்டேஷனிலும், திருப்பதி ரெயில் பெட்டி பழுதுபார்ப்புப் பட்டறையிலும் வேலை பார்த்தவர்கள் நன்கு அறிவார்கள். ஜெனரல் மானேஜர் வருகிறார் என்றால் கல்லுக்குக்கூடச் சுண்ணாம்பு அடிப்பார்கள். பூந்தொட்டிகள் வரிசையாக நிற்கும். ஆனால் விஷயம் தெரிந்த அதிகாரி பூந்தொட்டியைப் பார்ப்பதில்லை. நேரே ரிஜிஸ்டரைக் கேட்பார். பாயிண்ட்டைத் தானே இயக்கச் சொல்லிப் பார்ப்பார். ரிஜிஸ்டரில் உள்ள தேதிக்கும் தண்டவாளத்தின் நிலைக்கும் பொருத்தமில்லை என்றால் அங்கேயே சாயம் வெளுத்துவிடும்.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். கடிதம் வந்தவுடன் திரையின் உறை நீக்கப்படுகிறது. ஒயர்கள் சீராகக் கட்டப்படுகின்றன. நன்றாகப் படிக்கும் நாலு பிள்ளைகள் முன் பெஞ்சுக்கு வருகிறார்கள். ஒரு பாடம் ஒத்திகை பார்க்கப்படுகிறது. அதிகாரி வந்து, பார்த்து, கையெழுத்திட்டுப் போனதும் உறை மறுபடி ஏறிவிடுகிறது. எல்லாப் பள்ளிகளும் இப்படி என்று சொல்வது அநியாயம். ஆயினும் இப்படி நடக்கும் இடத்தில் ஏமாறுவது அதிகாரி அல்ல. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை.

ஐம்பதாண்டுக் கதை

வகுப்பறைக்குள் கருவி நுழைவது புதிதன்று. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, ஏ.டி.எஸ்.-6 என்ற அமெரிக்க செயற்கைக் கோளைக் கொண்டு நமது நாட்டில் ‘சைட்’ என்ற டெலிவிஷன் பரிசோதனை நடந்தது. ஆந்திரம் உள்பட 6 மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு டி.வி. பெட்டிகள் சென்றன. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு என நிகழ்ச்சிகள். ஆந்திரப் பிள்ளைகளுக்குத் தெலுங்கிலேயே வந்தன. பெட்டிகளைச் செய்தது ஹைதராபாத்திலுள்ள இ.சி.ஐ.எல். நிறுவனம். பெட்டியை இறக்கிவிட்டுப் போனதோடு வேலை முடிந்துவிடவில்லை. பழுது பார்க்க ஆட்களும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அதே திட்டத்தில் இருந்தன.

1984-85ல் ‘கிளாஸ்’ என்ற திட்டத்தின் கீழ் பிரிட்டனின் பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்கு வந்தன. அதற்குப் பின் கம்ப்யூட்டர் அறைகள் வந்தன. ஆந்திரத்தில் 2019 நவம்பரில் ‘நாடு-நேடு’ திட்டம் தொடங்கிப் பள்ளிக் கட்டடங்கள் சீரமைக்கப்பட்டன. 2022 டிசம்பர் 21ல் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சுமார் 5 லட்சம் டாப்லெட்டுகள் வழங்கும் பணி ஆரம்பமாயிற்று. அவற்றில் பைஜூஸ் கம்பெனியின் பாடங்கள் பதிவாகியிருந்தன. 2023ல் பெரிய வகுப்புகளுக்குத் தொடு திரைகளும், தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் டி.வி.களும் வரத் தொடங்கின.

2024 ஜூலையில் அந்தப் பைஜூஸ் கம்பெனியே திவால் நடவடிக்கைக்கு ஆளாயிற்று. கம்பெனிகள் வரும், போகும்; மந்திரிசபைகள் மாறும். கருவி மட்டும் பள்ளியில் தங்கும். அதை வைத்துப் பாடம் நடத்தும் பழக்கமும் கூடவே தங்குகிறதா என்பதுதான் கேள்வி.

தென் அமெரிக்காவில் பெரு என்ற நாடு இருக்கிறது. அங்கே 10 லட்சத்துக்கும் அதிகமான மடிக் கணினிகள் வழங்கப்பட்டன. பாடம் நடத்தும் முறையோடு அவை இணைக்கப்படாததால் பிள்ளைகளின் கல்வி முன்னேறவில்லை என்று யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கை கூறுகிறது. கடல் தாண்டிய செய்தியானாலும் நமக்கும் பொருந்தும்.

தயாரிப்பு என்றால் எது?

உண்மையான தயாரிப்பு கடிதம் வந்த பிறகு ஆரம்பிப்பதல்ல. அதற்குப் பெரிய செலவும் இல்லை. ஒரு நீள நோட்டு போதும். தேதி, வகுப்பு, பாடம், எத்தனை நிமிடம், பிள்ளைகள் என்ன செய்தார்கள், கோளாறு ஏதும் உண்டா என்று ஆறு கட்டம் போட்டு, திரையை இயக்கும்போதெல்லாம் ஆசிரியர் ஒரு வரி எழுத வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டில் குறைந்தது 220 வேலை நாட்கள் உண்டு. அதில் திரை எரிந்தது எத்தனை நாள் என்று நோட்டு தானே சொல்லிவிடும். ஒரே நாளில், ஒரே மையில், ஒரே கையெழுத்தில் நிரப்பிய நோட்டையும் அனுபவமுள்ள கண் கண்டுபிடித்துவிடும்!

இரண்டாவது, இடம். ஜன்னல் வெயில் திரையில் பட்டால் எழுத்து தெரியாது. ஆசிரியர் ஒருமுறை கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்த்தால் இது விளங்கும். சாக்பீஸ் தூள் படியாமல் காக்க வேண்டும். உலர்ந்த மெல்லிய துணியால்தான் துடைக்க வேண்டும். மின்சாரம் போனால் பாடத்தை எப்படித் தொடர்வது என்பதையும் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். பாதியில் நின்ற படத்தை விட்டுவிட்டுக் கரும்பலகையில் அதே பாடத்தைத் தொடர்ந்து முடிக்கும் ஆசிரியருக்கே முழு மதிப்பெண்.

மூன்றாவது, பாடம். திரையில் படம் ஓடுவதே பாடம் ஆகிவிடாது. ரத்தம் இதயத்துக்குள் எப்படி வந்து போகிறது என்பதைப் படமாகக் காட்டினால் பிள்ளைக்குப் புரியும். அதற்குத் திரை வேண்டும். கூட்டல் கணக்கை எழுதிக் காட்டக் கரும்பலகையே போதும். எதற்குத் திரை, எதற்குப் பலகை என்ற தெளிவு ஆசிரியருக்கு இருக்கிறதா என்பதே கெட்டிக்காரப் பார்வையாளர் பார்ப்பது. படம் முடிந்ததும் கடைசி பெஞ்சுப் பிள்ளையை எழுப்பி, “நீ பார்த்ததை உன் வாயால் சொல்லு” என்று கேட்டால் போதும். பள்ளியின் தரம் தெரிந்துவிடும்.

நான்காவது மிகவும் முக்கியமானது. பழுதான கருவியை மறைக்கக் கூடாது. யு-டைஸ் என்ற ஆண்டுக் கணக்குப் படிவத்தில் கருவி எத்தனை, அதில் இயங்குவது எத்தனை என்று தனித்தனியே கேட்கிறார்கள். பெயர் கெட்டுவிடும் என்று பயந்து, ஓடாததையும் ஓடுகிறது என எழுதினால் என்ன ஆகும்? காகிதத்தில் எல்லாம் நலம். ஆகவே ரிப்பேருக்கு ஆள் வரமாட்டார், மாற்றுக் கருவியும் வராது. தலைமை ஆசிரியரின் பெயர் பிழைக்கும். ஒரு வகுப்புப் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் கறுத்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். “மூன்று ஓடுகிறது, ஒன்று ஓடவில்லை, இன்ன தேதியில் புகார் எழுதினோம்” என்று நகலோடு காட்டுவது குற்றமல்ல, அதுவே பொறுப்பு.

ஆசிரியர் பக்கத்து நியாயமும் உண்டு. ஆந்திரத்தில் 2022 ஆகஸ்டில் முகத்தைப் படம் பிடித்து வருகை பதியும் முறை வந்தபோது, சொந்தப் போனில் செய்ய வேண்டியிருக்கிறது, நெட்வொர்க் கிடைப்பதில்லை என்று ஆசிரியர்கள் குறைப்பட்டார்கள். போட்டோ அனுப்புவதிலேயே பொழுது போனால் பாடத்துக்கு நேரம் எங்கே? பார்வையிட வருபவர் இதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு என்ன?

இந்த வட்டாரத்தில் தமிழ் அந்நிய மொழி அல்ல. சித்தூர் ஜில்லா 1911ல் உருவானது. 1953 அக்டோபர் 1ல் ஆந்திர மாநிலம் பிறக்கும் வரை சென்னை ராஜ்யத்தில் இருந்தது. 1960ல் திருத்தணி தமிழகம் சேர்ந்த பின்பும் எல்லைப் பகுதிகளில் தமிழ் வழி வகுப்புகள் தொடர்ந்தன. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்று, 1956ல் சேர்க்கப்பட்ட அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு கூறுகிறது.

ஆனால் ஆந்திர அரசின் டாப்லெட்டிலும் திரையிலும் பெரும்பாலும் பேசுவது தெலுங்கும் ஆங்கிலமும்தான். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு அது பாதிப் பாடம். இங்கே ஆசிரியர் கொஞ்சம் கை நீட்டினால் வழி உண்டு. மத்திய அரசின் ‘தீக்ஷா’ தளம் 2017ல் தொடங்கியது. அதில் தமிழ்ப் பாடங்களும் உள்ளன. தமிழகப் பாடநூல்களில் 2018 முதல் கியூ.ஆர். கட்டங்கள் அச்சாகின்றன. தமிழகக் கல்வித்துறை 2023ல் ‘மணற்கேணி’ என்ற செயலியில் வீடியோ பாடங்களை வெளியிட்டது. இரு மாநிலப் பாடத்திட்டமும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆயினும் பின்னமும், ஒளிச்சேர்க்கையும், பூமியின் சுழற்சியும் எல்லை தாண்டினால் மாறிவிடுமா? பொருத்தமானதைப் பொறுக்கி எடுத்துப் போடலாம். ஆய்வுக்கு வருபவரிடம், “தமிழ்ப் பாடம் எங்களுக்கு இன்னும் வரவில்லை” என்று எழுத்து மூலம் தெரிவிக்கவும் இதுவே தருணம். கேட்காத பிள்ளைக்குப் பால் இல்லை.

பெற்றோரின் பங்கு

‘அதிகாரிகள் விவகாரம், நமக்கென்ன’ என்று நம்மவர்களில் பலர் ஒதுங்குகிறார்கள். தெலுங்கு சரளமாக வராது என்ற கூச்சமும் ஒரு காரணம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளிகளுக்கு மேலாண்மைக் குழு அமைத்திருக்கிறது. அதன் உறுப்பினரில் முக்கால் பங்கு பெற்றோர்; பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று கவனிப்பதும் குழுவின் வேலை. திரைக்கு ரிப்பேர் வேண்டும், ஜன்னலுக்குத் திரைச்சீலை வேண்டும், தமிழ்ப் பாடம் வேண்டும் என்பதையெல்லாம் அந்தத் திட்டத்திலேயே எழுதச் சொல்லலாம். 2024 டிசம்பர் 7ல் ஆந்திரப் பள்ளிகளில் பெற்றோர்-ஆசிரியர் கூட்டம் பெரிய அளவில் நடந்தது. அத்தகைய கூட்டத்துக்கு அரை நாள் லீவு போட்டுப் போவது நஷ்டமல்ல.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்கூட மாலையில் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: “இன்றைக்குத் திரையில் என்ன பார்த்தாய்?” பிள்ளை ஒரு வாரமாக “ஒன்றுமில்லை” என்று சொன்னால், தலைமை ஆசிரியரைப் பணிவாகப் பார்த்து விசாரிக்க வேண்டியதுதான். ஆண்டுக்கு ஓரிரு முறை வரும் அதிகாரியின் பார்வையைவிட, தினமும் கேட்கும் தாயின் கேள்விக்கு வலு அதிகம்.