பெரட்டுக்குப் போகும் முன் ஊற வையுங்கள்: அந்திக்கு ஒரு சுண்டு பயறு

"வேலை விட்டு வந்து கௌப்பி, கடலைன்னு யாரு வேக வைக்கிறது? ரெண்டு ரொட்டியத் தட்டி, ஒரு சம்பல இடிச்சா முடிஞ்சிச்சு." தோட்டத்துத் தாய்மாரோடு சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நமக்குக் கிடைக்கும் பதில் இதுதான். அதில் நியாயம் இருக்கிறது. இருட்டோடு எழும்பி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் அனுப்பி, நாள் முழுக்க மலையில் நின்று, அந்திக் கொழுந்தை நிறுத்துவிட்டு வீடு வந்து சேரும் ஒருத்தியை அடுப்படியில் இரண்டு மணித்தியாலம் நிற்கச் சொல்லி எழுதுவது நமக்குச் சுலபம். நிற்கப் போவது அவள்தானே!

ஆனாலும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. ரொட்டியும் சம்பலும் வயிற்றை நிரப்பும். வளரும் பிள்ளைக்கும், வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவளுக்கும் அது மட்டும் போதாது. கிளினிக்கில் "ரத்தம் கம்மி" என்று மருத்துவமாது சொல்வதைக் கேட்காத தாய்மார் நம் லயங்களில் குறைவு. இறைச்சியும் மீனும் தினம் வாங்க எல்லாராலும் முடியாது. கடையில் கிடைக்கும் கௌப்பி, கடலை, பயறு, பருப்பு இவற்றில் 100 கிராமில் ஏறக்குறைய 20 முதல் 25 கிராம் வரை புரதம் இருக்கிறது. இரும்புச்சத்தும் உண்டு. சோற்றிலும் கோதுமை மாவிலும் குறைவாக உள்ள ஒரு வகைப் புரதச்சத்து பயறு வகைகளில் தாராளமாக இருப்பதால், இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும்போது உடம்புக்கு முழுப் பலன் கிடைக்கிறது.

இனி நேரத்தின் கதைக்கு வருவோம். "எங்க ஊர்ல கடலை வேகவே மாட்டேங்குது" என்று மேல்மலைத் தோட்டக்காரர்கள் சொல்வது வீண்பேச்சு இல்லை. கடற்கரை ஊர்களில் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைவதால், சூடு அந்த அளவுக்கு வரும் முன்பே தண்ணீர் கொதித்துவிடும். 6,000 அடிக்கு மேலே இருக்கும் நுவரெலியாவில் சுமார் 94 பாகையிலேயே கொதிக்கும். அதற்கு மேல் எவ்வளவு விறகைத் தள்ளினாலும் திறந்த சட்டியில் தண்ணீரின் சூடு ஏறாது. அதனால்தான் கொழும்பில் சீக்கிரம் வேகும் கடலை இங்கே இழுத்தடிக்கிறது. ஊற வைப்பது நமக்குத்தான் அதிகம் தேவை.

காலையில் தேத்தண்ணிக்குக் கொதிக்க வைக்கும்போதே கொஞ்சம் கூடுதலாக வைத்து, ஒரு சுண்டு பயறுக்கு மூன்று சுண்டு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி மூடிவிட்டுப் பெரட்டுக்குப் போங்கள். பச்சைத் தண்ணீரைவிட இதில் நன்றாக ஊறும். இரத்தினபுரி, காலிப் பக்கத்துக் கீழ்நாட்டுத் தோட்டங்களில் வெயிலுக்கு நுரைத்துப் புளித்துவிடும். அங்கே பச்சைத் தண்ணீரே போதும், மத்தியானம் வீட்டில் இருப்பவர்கள் ஒரு தரம் தண்ணீரை மாற்றட்டும்.

அந்திக்கு வந்ததும் ஊறின தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வாயுத் தொல்லை அதோடு ஓரளவு குறையும். புதுத் தண்ணீர் ஊற்றிச் சட்டியை மூடி, இருபது நிமிஷம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். பிறகு சட்டியை இறக்கி, மூடியோடு பழைய கம்பளியாலோ நாலு மடிப்புச் சாக்காலோ இறுக்கிச் சுற்றி ஒரு மணித்தியாலம் ஓரமாக வையுங்கள். உள்ளே இருக்கும் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும், விறகும் மிச்சம். அந்த நேரத்தில் முகம் கழுவி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, கொஞ்சம் காலை நீட்டி உட்காரலாம். வீட்டு ஆம்பிளைகள் முன்னுக்கு வந்துவிட்டால் சட்டியை அவர்களே ஏற்றலாம், கை தேய்ந்துவிடாது! திரும்ப அடுப்பில் வைத்துப் பத்து நிமிஷம் கொதித்தால் கௌப்பி பூவாக வெந்திருக்கும். கடலைக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும்.

புளி, தக்காளி, தேசிக்காய் எதையும் வேகும் முன் போடாதீர்கள். புளிப்புப் பட்டால் பயறு கல்லாகவே நின்றுவிடும். சீக்கிரம் வேக அப்பச்சோடா போடும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. வேகும்தான், ஆனால் பயறில் உள்ள பி விற்றமின் கெட்டுப்போகும்.

வெந்த கௌப்பியைக் காரமாகப் பிரட்டும் விதம் இது. ஐந்து பேருக்குப் போதும். தாச்சியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, ஒரு பிடி நெத்தலிக் கருவாட்டைக் கழுவி, பொரித்துத் தனியே எடுத்து வையுங்கள். கருவாடு இல்லையென்றால் இல்லாமலே செய்யலாம். அதே எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, நறுக்கின பெரிய வெங்காயம் ஒன்று, தட்டின வெள்ளைப்பூடு நாலு பல் போட்டு வதக்குங்கள். ஐந்தாறு செத்தல் மிளகாயைக் கொரகொரப்பாக இடித்துப் போட்டு, வாசம் கிளம்பியதும் ஒரு தேக்கரண்டி கறித்தூள், உப்பு, கௌப்பி, வெந்த தண்ணீரில் ஒரு அகப்பை சேர்க்க வேண்டும். அகப்பையின் முதுகால் ஒரு பிடி கௌப்பியைச் சட்டியிலேயே மசித்துவிட்டால் குழம்பு தடிக்கும். தேங்காய்ப்பால் இல்லாமலே ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளலாம். தேங்காய் விற்கும் விலைக்கு இது சின்ன விஷயம் இல்லை. இறக்கிய பிறகு நெத்தலியைத் தூவி, பாதித் தேசிக்காய் பிழியுங்கள். சின்னப் பிள்ளைக்கு மிளகாய் போடும் முன்பே இரண்டு அகப்பை எடுத்து மசித்து வைத்துவிடுங்கள்.

தோட்டத்தில் முற்றிக் காய்ந்த போஞ்சி விதையும் நல்ல சாப்பாடுதான். ஆனால் ஒரு எச்சரிக்கை உண்டு. வேகாத போஞ்சி விதையில், முக்கியமாகச் சிவப்பு விதையில், வாந்தியும் வயிற்றோட்டமும் கொடுக்கும் ஒரு நச்சு இருக்கிறது. குறைந்த சூட்டில் அது அழியாது. ஊறின தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அந்த இருபது நிமிஷமும் குறையாமல் பொங்கக் கொதித்த பிறகுதான் சாக்கில் சுற்றலாம். நன்றாக மசியும் வரை வேக வைத்துத்தான் சாப்பிட வேண்டும். உருளைக்கிழங்கும் மிளகாய்த்தூளும் சேர்த்துக் குழம்பு வைத்தால் பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிடும்.

ரொட்டியை விட மனமில்லாதவர்கள் அதற்குள்ளேயே பயறைச் சேர்க்கலாம். அரைச் சுண்டு பாசிப்பயறைத் தண்ணீர் வற்ற வேக வைத்து மசித்து, இரண்டு சுண்டு மாவோடு வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, உப்பு சேர்த்துப் பிசைந்து தட்டுங்கள். பயறிலேயே ஈரம் இருப்பதால் தண்ணீர் பார்த்து ஊற்ற வேண்டும்.

"ஊற வைக்க மறந்துட்டேனே" என்கிற நாளுக்கு மைசூர்ப் பருப்பு இருக்கிறது. இருபது, இருபத்தைந்து நிமிஷத்தில் வெந்துவிடும். கடைசி ஐந்து நிமிஷத்தில் பொன்னாங்காணியோ முளைக்கீரையோ அரிந்து போட்டு, செத்தல் மிளகாய் தாளித்தால் சோற்றுக்கு வேறு கறி வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்துவிட்டு, சாப்பாட்டோடு சேர்த்து ஒரு கோப்பை சாயத்தண்ணி குடித்தால் பலனில் பெரும் பங்கு போய்விடும். நாம் பறிக்கிற தேயிலையை நாமே குறை சொல்கிறோம் என்று கோபிக்க வேண்டாம். தேயிலையின் துவர்ப்பு, பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. பால் கலந்தாலும் அப்படித்தான். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது. பயறு சாப்பிடுகிறோம் என்று மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது. தேசிக்காய், கொய்யா, நெல்லிக்காய் போன்றவை இதற்கு நேர்மாறு. அவற்றிலுள்ள சி விற்றமின் இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். சூட்டில் அது குறைந்துவிடும் என்பதால்தான் தேசிக்காயை இறக்கிய பிறகு பிழியச் சொன்னோம்.

இன்னொன்று. பல வீடுகளில் எல்லாருக்கும் போட்டு முடித்த பிறகு, சட்டியின் அடியில் கிடக்கும் குழம்புத் தண்ணிதான் தாய்க்கு மிஞ்சுகிறது. ரத்தம் கம்மி என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பது அவளுடைய பெயருக்கு நேரேதான். பிள்ளைகளுக்குப் போடும்போதே அவளுக்கும் ஒரு தட்டில் போட்டு மூடி வைத்துவிடுங்கள்.

சம்பள நாளில் கௌப்பியோ கடலையோ ஒரு கிலோ வாங்கினால், ஒரு நாள் வெயிலில் காயப்போட்டு, ஆற விட்டு, ஈரமில்லாத டின்னில் இறுக மூடி வையுங்கள். வண்டு வராது. மாதத்தில் நாலைந்து அந்திக்குப் போதும்.