கத்திக்கு விலை உண்டு, விற்பவருக்கு?

அரிய கத்திகளை ஆன்லைனில் விற்று நாலு காசு பார்க்கலாம் என்று பெங்களூரில் கிளம்பும் புதியவர் முதலில் சம்பாதிக்க வேண்டியது பெயரை. அதற்குள் சட்டமும் மோசடிக்காரர்களும் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள்.

பெங்களூர் வசந்தநகரில் உள்ள கொடவ சமாஜ மண்டபத்தை ஒரு முகூர்த்த நாளில் எட்டிப் பார்த்தால் குடகு மலையே இறங்கி வந்துவிட்டதுபோல் இருக்கும். முழங்கால் வரை நீளும் குப்யா அங்கி, இடுப்பைச் சுற்றிச் சிவப்புப் பட்டுக் கச்சை, கச்சையின் முன்பக்கம் செருகிய பீச்சே கத்தி. கத்தியின் பிடியிலும் உறையிலும் வெள்ளி வேலைப்பாடு. வசதியான குடும்பம் என்றால் தங்கமும் உண்டு. பழைய கத்திகளின் உறையிலிருந்து தொங்கும் சங்கிலியில் முள்வாங்கி, காதுகுடைப்பி என்று குட்டிக் கருவிகள் ஆடிக்கொண்டிருக்கும். இதற்கு அண்ணன் ஒடிகத்தி. அகலமானது, கனமானது, முன்னோக்கி வளைந்தது. ஒரு காலத்தில் முதுகுப்பக்கம் பித்தளைப் பிடிப்பில் உறையில்லாமல் தொங்கியது. இன்று பெரும்பாலும் கல்யாணத்தில் வாழைத்தண்டை ஒரே வீச்சில் சாய்க்கும் சடங்குக்கும், செப்டம்பரில் வரும் கைல்போது ஆயுத பூஜைக்கும்தான் வெளியே வருகிறது.

அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிறவரை இந்தக் கத்திக்கு விலை என்ற பேச்சே எழாது. எஸ்டேட்டை விற்று, அடுக்குமாடிக்குக் குடிவந்து, பேரப்பிள்ளைகள் கடல்கடந்து போன பிறகு எழுகிறது. நகைக்கடையில் கொடுத்தால் வெள்ளியை எடைபோட்டு, இரும்பைக் கழித்துக்கொண்டு, வெள்ளிக்கு மட்டும் காசு தருவார்கள். ஆனால் மேல்நாட்டு ஆயுதச் சேகரிப்பாளர்களிடம் இதே கத்திக்கு ‘பிச்சங்கத்தி’ என்று தனிப் பெயரும், ஏலப் பட்டியல்களில் தனி இடமும் உண்டு. எடைக்கு வரும் பணத்துக்கும் ஏலத்தில் வரும் பணத்துக்கும் உள்ள இடைவெளிதான் புதிய வியாபாரிகளைக் கூப்பிடுகிறது. கையில் ஸ்மார்ட்போன், கூப்பிடு தூரத்தில் கூரியர் அலுவலகம். வேறென்ன வேண்டும்?

வேறு நிறைய வேண்டும் என்பதற்கு பெங்களூர் விமான நிலையத்தை ஒட்டியுள்ள தேவனஹள்ளியில் பிறந்த ஒருவரின் ஆயுதமே சாட்சி. திப்பு சுல்தானின் ‘படுக்கையறை வாள்’ 2023 மே 23 அன்று லண்டனில் பான்ஹாம்ஸ் நிறுவனத்தின் ஏலத்துக்கு வந்தது. 15 முதல் 20 லட்சம் பவுண்டு வரை போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போனது 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு மேல், அதாவது 140 கோடி ரூபாயைத் தாண்டி. அந்த வாளின் எஃகும் பொன்வேலையும் உயர்ந்தவைதான். ஆனாலும் அதே தரத்தில் வேறு வாள்கள் உண்டு. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு அது அரண்மனையிலிருந்து எடுக்கப்பட்டது, தாக்குதலை நடத்திய டேவிட் பெயர்டுக்குப் படையினரால் பரிசளிக்கப்பட்டது என்ற வரலாறு அறுபடாமல் வாளோடு கூடவே வந்தது. பணம் கொட்டியது அந்த வரலாற்றுக்கு. நேற்று கணக்குத் தொடங்கியவர் அதே வாளைப் படம்பிடித்துப் போட்டிருந்தால், நாடகக் கம்பெனிச் சாமான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இதற்குப் பொருளாதாரத்தில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. அதன் ஒரு முனை இந்தியாவில்தான். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் எழுதிய கட்டுரை, பழைய கார் சந்தையில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்பதால் நல்ல காரும் மட்டமான காரின் விலைக்கு இறங்கிவிடும் என்று காட்டியது. 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்தக் கட்டுரையே அடிப்படை. அறுபதுகளின் இறுதியில் இந்தியாவில் தங்கியிருந்த அவர், கடை அரிசியில் நம்மூர்ப் பெண்கள் கல் பொறுக்குவதையும் அதில் ஓர் உதாரணமாகச் சேர்த்திருந்தார். அரிசியையாவது முறத்தில் போட்டுப் புடைத்துப் பார்க்கலாம். திரையில் தெரியும் கத்தியை எதில் போட்டுப் புடைப்பது?

புதியவர் என்பதற்கு எவ்வளவு அபராதம் என்பதையும் ஒருமுறை அளந்து பார்த்திருக்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பால் ரெஸ்னிக்கும் அவருடைய சகாக்களும் பழைய தபால் அட்டைகள் விற்கும் தேர்ந்த வியாபாரி ஒருவரை வைத்து இபே தளத்தில் சோதனை நடத்தினார்கள். ஒரே மாதிரியான அட்டைகள். பாதி அவருடைய பெயர்பெற்ற கணக்கில், மீதி அவரே தொடங்கிய புதிய கணக்குகளில். பழைய பெயருக்கு வாங்குபவர்கள் சுமார் 8 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள் என்று 2006-ல் வெளியான முடிவு சொன்னது. சில டாலர் அட்டைக்கே 8 சதவீதம் என்றால், லட்ச ரூபாய் கத்தியோடு வரும் முன்பின் தெரியாதவருக்கு விலை குறைவதோடு நிற்காது. பலர் விலையே கேட்க மாட்டார்கள்.

பெங்களூருக்கு இது புதிய கதையும் அல்ல. 2007-ல் கோரமங்களாவில் தொடங்கிய ஃப்ளிப்கார்ட் முதலில் விற்றது புத்தகம். விலை குறைவு, உடையாது, எந்தக் கடையில் வாங்கினாலும் அதே புத்தகம். முன்பின் தெரியாதவரிடம் வாங்க இதைவிடப் பொருத்தமான சரக்கு இல்லை. அதற்கும் பணத்தை முன்கூட்டி அனுப்ப வாடிக்கையாளர்கள் தயங்கியபோது, 2010-ல் பொருளைப் பார்த்த பிறகு காசு என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். நாடெங்கும் சந்தை திறந்தது அதற்குப் பிறகுதான். கத்தி வியாபாரத்துக்கு வரும் புதியவர் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்: வீட்டிலேயே விலையுயர்ந்த கத்தியை முதல் நாளே கடைவிரிக்கிறார். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் முதலில் சாதாரணப் பேனாக்கத்தி நாலைந்தை வாங்கியும் விற்றும் நற்பெயர் சேர்த்த பிறகே பெட்டியிலிருந்து நல்லதை எடுப்பார்கள். அவசரமாக விற்றாக வேண்டும் என்றால் பெயருள்ள ஏல நிறுவனத்திடம் கமிஷன் கொடுத்து ஒப்படைப்பது நல்லது. அந்தக் கமிஷன் அவர்களுடைய பெயருக்குக் கொடுக்கும் வாடகை.

அடுத்த சிக்கல், தன் கையில் இருப்பது என்ன என்று விற்பவருக்கே தெரியாதது. ‘டமாஸ்கஸ்’ என்ற சொல் இந்தச் சந்தையில் படும் பாடு கொஞ்சமல்ல. இரண்டு வகை எஃகை அடுக்கி, காய்ச்சி, அடித்து ஒட்டவைத்து, அமிலத்தில் தோய்த்தால் அலையலையாகக் கோலம் தெரியும். இன்று டமாஸ்கஸ் என்று விற்பதில் பெரும்பகுதி இதுதான். பாகிஸ்தானின் வஜீராபாத் பட்டறைகளிலிருந்து மலிவு விலையில் குவிகிறது. பழைய அசல் வேறு. இரும்பைக் கரிப்பொருளோடு மண்மூசைக்குள் வைத்து அடைத்து, உருக்கி, மெல்ல ஆறவிட்டு எடுக்கும் கட்டியிலிருந்து அடித்த வாள் அது. அதன் கோலம் அடுக்கி ஒட்டியதால் வந்ததல்ல, எஃகுக்குள் கரிமம் வரிசைகட்டி நிற்பதால் வந்தது.

அந்தக் கட்டி போனதே இங்கிருந்துதான். கன்னடத்தில் ‘உக்கு’, தமிழில் ‘உருக்கு’. வெள்ளைக்காரர் வாயில் அது ‘வூட்ஸ்’ ஆயிற்று. பெங்களூரின் தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சாரதா சீனிவாசன், விழுப்புரம் பகுதியில் மேல்சிறுவளூரில் உருக்கு செய்த மூசைகளின் சிதைவுகளை ஆராய்ந்து தொண்ணூறுகளில் உலகுக்குக் காட்டினார். பெங்களூருக்குப் பக்கத்திலேயே மாகடி வட்டாரத்தில் எஃகு காய்ச்சியதையும், சென்னபட்டணத்தில் இசைக்கருவிகளுக்கு எஃகுக் கம்பி இழுத்ததையும் 1800-ல் மைசூர் நாட்டைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன் எழுதி வைத்திருக்கிறார். ஆக, பரணில் துருப்பிடித்துக் கிடக்கும் தாத்தாவின் கத்தி ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம், பெரும் புதையலாகவும் இருக்கலாம்.

கொடுமை என்னவென்றால், படம் பளிச்சென்று வரவேண்டும் என்று பட்டறையில் கொடுத்து எமரி சக்கரத்தில் தேய்த்துவிடுவார்கள். ஐந்து நிமிடத்தில் கோலம், பழமையின் கருமை, பிடிக்குப் பக்கத்தில் கொல்லர் குத்திய முத்திரை எல்லாம் போய்விடும். மிஞ்சுவது பளபளக்கும் இரும்பு. சேகரிப்பவருக்குத் துருவைவிட எமரித் தடம்தான் எதிரி. தெரிந்த விற்பனையாளர் எண்ணெய்த் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்வார். பகல் வெளிச்சத்தில் அலகின் இருபக்கம், முதுகு, பிடி இணையும் இடம், முத்திரை, உறையின் தையல் என்று பத்துப் பதினைந்து படம். பக்கத்தில் ஒரு அளவுகோல். பிடியில் விரிசல் இருந்தால் அதற்கென்றே தனிப் படம். குறையை முதலில் சொல்பவரைத்தான் இந்தச் சந்தை நம்புகிறது. அலங்காரச் சொற்கள் ஏற ஏற சந்தேகமும் ஏறும்.

புதிதாகச் செய்த கத்திகளிலும் இதே பெயர் விளையாட்டு உண்டு. 2010-ல் காலமான கலிபோர்னியாவின் பாப் லவ்லஸ் செய்த வேட்டைக் கத்திகள் பல லட்ச ரூபாய்க்கு மேல் கைமாறுகின்றன. அதனாலேயே அவர் முத்திரைக்குப் போலிகளும் உண்டு. வாங்கிய ரசீது, செய்தவரின் கடிதம், அசல் பெட்டி இல்லாமல் அப்படி ஒரு கத்தியை விற்கக் கிளம்பும் புதியவரைப் போலி விற்பவர் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

சட்டத்தின் பக்கம் வந்தால் விஷயம் இன்னும் கூர்மையாகிறது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகள்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகள் ஆயுதம்; வாள், குத்துவாள் வகையறாக்களும் அப்படியே. வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவைக்கு மட்டும் விலக்கு. அரிவாள்மனை தப்பிக்கும், ஒடிகத்தியின் அகலம் தப்பிக்காது. அரசு அறிவிப்பு வந்த பகுதிகளைத் தவிர மற்ற இடங்களில் இதை வீட்டில் வைத்திருக்க உரிமம் தேவையில்லை. சொந்த உபயோகத்துக்காகச் சட்டப்படி வைத்திருந்ததை, வைத்திருக்க உரிமையுள்ள இன்னொருவருக்கு விற்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் நாலு கத்தி வாங்கி நாலு கத்தி விற்கும் தொழிலாக அது மாறினால் உரிமம் வேண்டும். குடகர்களுக்கு 1861-லிருந்து விதிவிலக்கு இருக்கிறதே என்பார்கள். அது அவர்கள் ஆயுதம் வைத்திருக்கத் தந்த சலுகை. கடை போடத் தந்ததல்ல.

2018 மே மாதம் மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத்தில் (இப்போது சத்ரபதி சம்பாஜிநகர்) கலவரம் அடங்கிய சூட்டோடு, ஆன்லைனில் ஆர்டர் செய்து கூரியரில் வந்த வாள்களையும் கத்திகளையும் போலீஸார் கைப்பற்றினார்கள். பார்சலில் வந்தது அலங்காரப் பொருளா ஆயுதமா என்ற விவாதம் காவல் நிலையத்தில் நடந்தால், விற்பவர் பக்கம் பேச ஆள் இருக்காது. வெளிநாடு என்றால் அந்தந்த நாட்டுச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். பொத்தானை அழுத்தினால் விரியும் கத்திகளின் மாநிலம் தாண்டிய வியாபாரத்தை அமெரிக்கா 1958-லேயே தடுத்தது. கத்திகளை வீட்டு முகவரிக்கு அனுப்புவதற்கு பிரிட்டன் 2019-ம் ஆண்டுச் சட்டத்தில் கட்டுப்பாடு போட்டது.

இவ்வளவையும் தாண்டி வருபவருக்காகக் காத்திருப்பவர்கள் மோசடிக்காரர்கள். ராணுவத்தில் இருக்கிறேன், பேரம் பேசவில்லை, முன்பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்று வரும் அழைப்பு, பெங்களூரில் பழைய சோபா விற்றவர்களுக்கெல்லாம் பரிச்சயம். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. பின் எண்ணைக் கேட்கிறது என்றால் போவது நம் பணம். கத்திச் சந்தையில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு: வாங்கியவர் அசலை எடுத்துக்கொண்டு, போலியைத் திருப்பி அனுப்பிப் பணத்தையும் கேட்பார். அனுப்பும் முன் முத்திரையையும், வேறெந்தக் கத்தியிலும் இருக்க முடியாத ஒரு கீறலையும் நெருக்கத்தில் படம் எடுத்து, பார்சல் கட்டுவதை வீடியோவாகவும் வைத்துக்கொள்வது அப்போது கைகொடுக்கும்.

குடகுக் கத்திகளைப் பொறுத்தவரை கடிகாரமும் ஓடுகிறது. 1972-ல் இயற்றி 1976-ல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த அரும்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. உள்நாட்டிலும் அதைத் தொழிலாக விற்க உரிமம் வேண்டும். வயது குறைவு என்பவர் இந்தியத் தொல்லியல் துறையிடம் கத்தியைக் காட்டி, தொல்பொருள் அல்ல என்று சான்றிதழ் வாங்கலாம். 1920-களில் குடகில் செய்த வெள்ளி உறைக் கத்திகள் இப்போது ஒவ்வொன்றாக அந்த நூறைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. எந்த ஆண்டில் செய்தது என்பதைச் சொல்ல ரசீதும் இல்லை, கொல்லரும் இல்லை. பெரும்பாலான வீடுகளில் இருப்பது, அதை இடுப்பில் செருகியபடி தாத்தா நிற்கும் ஒரு கல்யாண போட்டோ மட்டும். விற்பதோ வைத்துக்கொள்வதோ, அந்தப் போட்டோவின் பின்புறம் தேதி எழுதியிருக்கிறதா என்று முதலில் திருப்பிப் பார்ப்பது நல்லது.