காக்கைக்குச் சோறு... தேன்சிட்டுக்கு?

மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு பிடி சோறு வைத்தால் காக்கை வரும். தட்டில் கம்பு கொட்டினால் புறா வரும், அணிலும் வரும். வண்ணப் பறவைதான் வராது. ஆன்லைனில் வாங்கிய ஃபீடரில் தினை நிரப்பி நானும் ஒரு மாதம் தொங்கவிட்டேன். புறாக்கள் கொழுத்ததுதான் மிச்சம்.

கோளாறு ஃபீடரில் இல்லை, தீனியில் இருக்கிறது. தானியம் வைப்பது பனி கொட்டும் நாடுகளில் வேரூன்றிய வழக்கம். அங்கே குளிர்காலத்தில் இரை அருகிவிடும். அப்போது விதை தின்னும் குருவிகளுக்கு அது பெரிய ஆதரவு. நம் ஊரிலும் கிளி, சில்லை, சிட்டுக்குருவி தானியத்துக்கு வரும். ஆனால் தேன்சிட்டுக்கு வேண்டியது தேன், குக்குறுவானுக்குப் பழம், தையல்சிட்டுக்குப் பூச்சி. இதையெல்லாம் தட்டில் வைக்க முடியாது, தொட்டியில் நடலாம்.

செடிதான் தட்டு

ஊதாப்பிட்டத் தேன்சிட்டு அலகு முதல் வால் வரை 10 செ.மீ.தான் இருக்கும். செம்பருத்தியில் அது தேன் குடிப்பதைக் கவனியுங்கள். பூவின் வாய் வழியே பெரும்பாலும் போகாது. காம்போரம் அலகால் ஒரு துளை போட்டு உறிஞ்சிவிட்டுப் பறந்துவிடும். இட்லிப்பூ, மாதுளை, முருங்கைப் பூக்களும் அதற்குப் பிடிக்கும். ஒட்டடை அடிக்கும்போது தோட்டத்துச் சிலந்தி வலைகளை மட்டும் விட்டுவிடுங்கள். வலை நூல் அதன் தொங்கு கூட்டுக்கு. சிலந்தி குஞ்சுகளின் வாய்க்கு. பூச்சிமருந்து தெளித்தால் இரண்டும் போச்சு.

இடம் இருந்தால் சிங்கப்பூர் செர்ரி நடலாம். ஓரிரு ஆண்டில் காய்த்துவிடும். கொண்டைக்குருவி, பூங்கொத்தி, நெற்றியில் குங்குமம் அப்பியது போன்ற செம்மார்புக் குக்குறுவான் என்று வரிசையாக வரும். இடம் இல்லையா? கறிவேப்பிலையை மொட்டையடிக்காமல் பழுக்க விடுங்கள். அந்தக் கருநிறப் பழத்துக்குக் குயிலும் வரும்.

தண்ணீர் வைக்க இரண்டு அங்குல ஆழமுள்ள மண் தட்டு போதும். கால் ஊன்ற நடுவில் ஓர் ஓட்டுத்துண்டு போடுங்கள். பூனை பதுங்கும் புதரிலிருந்து தள்ளியே வையுங்கள். தினமும் கவிழ்த்துத் தேய்த்து நிரப்புங்கள். தேங்கினால் தேன்சிட்டுக்கு முன்னே டெங்கு கொசு வந்துவிடும். மிக்சர், காராபூந்தி போன்ற உப்புப் பண்டம் எதுவும் வேண்டாம். வரும் பச்சைக்கிளியைப் பிடித்துக் கூண்டில் அடைப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கூட்டாத மூலை

காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி என்று பெயர் பெற்ற பறவை, குளிர்காலத்தைக் கழிக்க வடக்கிலிருந்து இங்கே வருகிறது. பச்சை முதுகு, நீலத் தோள், சிவந்த அடிவயிறு. இத்தனை நிறத்தையும் சுமந்துகொண்டு அது இரை தேடுவது மரத்தடிச் சருகைக் கிளறித்தான். ஐப்பசி பிறந்ததும் தோட்டத்தில் ஒரு மூலையைக் கூட்டாமல் விட்டுவையுங்கள். அதற்கு நாம் செய்ய வேண்டிய விருந்து அவ்வளவுதான்.