கட் ஆஃப் இருக்கு, ஏஜென்ட் எதுக்கு? கொடுங்கையூர் வீடுகளுக்கு ஒரு அட்மிஷன் கைடு

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலேயே போன் அடிக்க ஆரம்பிக்கும். "தம்பி என்ன மார்க்? நம்ம காலேஜ்ல சீட் இருக்கு, ஸ்காலர்ஷிப்ல ஃப்ரீயா படிக்கலாம், ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் கொடுத்துட்டுப் போங்க." முத்தமிழ் நகர், கண்ணதாசன் நகர், மூலக்கடை, எம்.கே.பி. நகர் என்று வடசென்னையில் இந்த அழைப்பு வராத ப்ளஸ் டூ வீடு குறைவு.

அப்பா ஹார்பரிலோ மணலி கம்பெனியிலோ ஷிஃப்ட்டில் இருப்பார். வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அந்தப் பிள்ளையாகத்தான் இருக்கும். கேட்க ஆள் இல்லாத வீட்டில், முதலில் போன் பண்ணினவர் சொல்வதே வேதவாக்கு ஆகிவிடுகிறது. அப்படி அவசரப்பட்டுப் போடும் ஒரு கையெழுத்து, நான்கு வருட அரசு உதவியையே இல்லாமல் ஆக்கிவிடும். எப்படி என்று பார்ப்போம்.

'ஃப்ரீ சீட்' என்பதில் என்ன சிக்கல்?

தனியார் பொறியியல் கல்லூரியில் சேர இரண்டு வழி. ஒன்று, அரசு நடத்தும் டிஎன்இஏ கவுன்சலிங். இன்னொன்று, நிர்வாக ஒதுக்கீடு, அதாவது மேனேஜ்மென்ட் கோட்டா. ஏஜென்ட் பேசுவது பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றித்தான்.

முதலில் கட்டணம். 2017-ல் கட்டண நிர்ணயக் குழு அறிவித்தபடி, அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு கவுன்சலிங் சீட் என்றால் ஆண்டுக்கு ரூ.55,000, நிர்வாக ஒதுக்கீடு என்றால் ரூ.87,000. அதே வகுப்பு, அதே பெஞ்ச். நுழைகிற வாசல்தான் வேற.

அடுத்தது உதவித்தொகை. முதல் பட்டதாரி கட்டணச் சலுகை, கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2018-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்படி நிர்வாக ஒதுக்கீட்டு சீட்டுக்கு இந்த உதவித்தொகை கிடையாது. "ஸ்காலர்ஷிப் வந்துடும், கவலைப்படாதீங்க" என்று யாராவது சொன்னால், "கவுன்சலிங் சீட்டா, மேனேஜ்மென்ட் சீட்டா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கட் ஆஃப் கணக்கு: ஒரு நிமிஷ வேலை

பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு 2007-லேயே போய்விட்டது. ப்ளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். கணிதம் 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதியாக, மொத்தம் 200.

உதாரணத்துக்கு ஒரு மாணவி கணிதத்தில் 80, இயற்பியலில் 70, வேதியியலில் 76 எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 80 + 35 + 38 = 153. இதுதான் அவருடைய கட் ஆஃப்.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு, முந்தைய ஆண்டில் எந்தக் கல்லூரியில், எந்தப் பாடப்பிரிவு, எந்த வகுப்பினருக்கு எந்த கட் ஆஃபில் முடிந்தது என்று டிஎன்இஏ தளத்திலேயே பார்க்கலாம். காசு கொடுத்து வாங்க வேண்டிய தகவல் இல்லை. 153-க்குக் கவுன்சலிங்கிலேயே கிடைக்கிற சீட்டை, நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டி வாங்குபவர்களும் இருக்கிறார்கள்.

7.5 சதவீதம்: உங்க பிள்ளைக்கு உண்டா?

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. இதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது.

நிபந்தனை: 6-ம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். சென்னை மாநகராட்சிப் பள்ளியும் இதில் சேரும். ஆனால் அரசு உதவி பெறும் பள்ளி சேராது. ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் உதவி பெறும் பள்ளிகள் நிறைய என்பதால், இங்கேதான் பலருக்குக் குழப்பம். சம்பளமே கட்டாமல் படித்ததால் "கவர்மென்ட் ஸ்கூல்தானே" என்று நினைத்திருப்பார்கள். பள்ளியில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

ஒரு விதிவிலக்கு. ஆர்டிஇ 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் 8-ம் வகுப்பு வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளிக்கு மாறியவர்களுக்கும் இந்த ஒதுக்கீடு உண்டு.

மாதம் ரூ.1,000 யாருக்கு?

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் நம்ம வடசென்னை பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, மேற்படிப்பு முடியும்வரை மாதம் ரூ.1,000 வங்கிக் கணக்கில் வரும். இங்கே ஒரு நல்ல செய்தி: உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது உண்டு. 7.5 கிடைக்காதவர்கள் இதையும் விட்டுவிட வேண்டாம். டிகிரி மட்டுமல்ல, டிப்ளமோ, ஐடிஐ சேர்ந்தாலும் பெறலாம். விண்ணப்பம் கல்லூரி வழியாக.

சாய்ஸ் ஃபில்லிங்: கோட்டை விடும் இடம்

கவுன்சலிங் மூன்று சுற்றாக ஆன்லைனில் நடக்கும். கல்லூரி, பாடப்பிரிவு வரிசையை நாம் கொடுக்கிறோம். மேலே இருப்பதில் இருந்து சிஸ்டம் பார்த்துக்கொண்டு வரும். அதனால் 'கிடைக்குமா' என்று யோசித்து வரிசை போடக் கூடாது, 'எது அதிகம் வேணும்' என்றுதான் போட வேண்டும். பிடித்ததை மேலே வைப்பதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. பத்து சாய்ஸோடு நிறுத்தாமல் தாராளமாகப் போடுங்கள். ஆனால் சேர விருப்பமே இல்லாத கல்லூரியைப் பட்டியலில் சேர்க்காதீர்கள், அதுவே வந்து நிற்கும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு இரண்டு நாள்தான் அவகாசம். 'ஏற்கிறேன், சேர்கிறேன்' என்றால் குறித்த தேதிக்குள் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். 'ஏற்கிறேன், ஆனால் மேலே உள்ளது கிடைத்தால் வேண்டும்' என்றால் உதவி மையத்துக்குப் போக வேண்டும். மேலே உள்ளது கிடைத்தால் பழைய சீட் போய்விடும். எதையும் அழுத்தாமல் விட்டால் சீட் காலி. அந்த இரண்டு நாளும் வீட்டில் யாராவது ஒருவர் ஷிஃப்ட் மாற்றிக்கொள்வது நல்லது.

இன்னொன்று: பிரவுசிங் சென்டரில் பதிவு செய்தால், கடைக்காரர் நம்பரையோ அவர் இமெயிலையோ கொடுக்காதீர்கள். ஓடிபி வருவது அந்த நம்பருக்குத்தான். ஓடிபி யாரிடமோ, சாய்ஸும் அவரிடமே. அப்பாவிடம் பட்டன் போன் இருந்தாலும் போதும், அவர் நம்பரையே கொடுங்கள்.

பொறியியல் மட்டும்தானா?

இல்லை. பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா, வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பாரதி மகளிர், ஆர்.கே.நகர் அரசுக் கலை அறிவியல் கல்லூரி எல்லாமே கொடுங்கையூரில் இருந்து பஸ் தூரம்தான். அரசுக் கலைக் கல்லூரிகளுக்குத் தனியாக ஒரே ஆன்லைன் விண்ணப்பம் உண்டு. டிஎன்இஏ-வுக்குப் போட்டுவிட்டோம் என்று இதை விட்டுவிடாமல், இரண்டுக்கும் போடுங்கள்.

இப்பவே எடுத்து வைக்க வேண்டியவை

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று. மூன்றும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். 2025-ல் டிஎன்இஏ பதிவு மே 7-ல் தொடங்கி ஜூன் 6-ல் முடிந்தது. ஒரு மாதம்தான். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால், கடைசி வாரத்தில் மொத்த ஊரும் அதே கவுன்டரில் நிற்கும். முதல் பட்டதாரி சலுகையை அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே வாங்கியிருந்தால் தம்பி, தங்கைக்கு வராது. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை ஏற்கெனவே கொடுத்துட்டோமே?

பயப்பட வேண்டாம். அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று 2018-லேயே யுஜிசி சொல்லிவிட்டது. ஏஐசிடிஇ விதிப்படி, வகுப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் ரூ.1,000 பிடித்துக்கொண்டு மீதிக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். நன்கொடை வாங்குவதற்குத் தமிழ்நாட்டில் 1992 முதல் தடைச் சட்டம் இருக்கிறது. வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள், கட்டிய பணத்துக்கு ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் இருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம். படித்த பள்ளியின் ஆசிரியரிடமும் கேட்கலாம். இரண்டுக்கும் கமிஷன் கிடையாது.