பத்தில் ஒரு பங்கு

டப்ளினைச் சுற்றிலும், தரைக்கு அடியில் கொட்டி நிரப்பிய ஜல்லியிலிருந்த பைரைட் தாதுவால் வீட்டுத் தளங்கள் உப்பி வெடித்ததையும், அதற்குப் பரிகாரமாக அயர்லாந்து சர்க்கார் 2013-ல் தனிச் சட்டம் இயற்றியதையும் சென்ற வாரம் பார்த்தோம். அத்தேசத்தின் வடமேற்குக் கோடியில், அட்லாண்டிக் சமுத்திரத்து மழைக்காற்று ஓயாமல் அறைகின்ற டோனகல் பிரதேசத்தில் விளைந்த அனர்த்தமோ அதனினும் பெரிது. அங்கே பழுதுபட்டது வீட்டைத் தாங்கும் சுவரே.

முதலில் பூச்சின்மேல் மெல்லிய கோடுகள் பின்னிப் படரும். வருஷங்கள் செல்லச் செல்ல அவை விரல் நுழையும் பிளவுகளாகும். அப்போது பூச்சை உரித்துப் பார்த்தால், இடையிலுள்ள சாந்து வரிவரியாகக் கெட்டியாய் நிற்க, காங்கிரீட் கல் மாத்திரம் கைபட்ட இடத்தில் பொலபொலவென்று உதிரும். காலையில் பாலில் ஊறவைத்துத் தின்னும் 'வீட்டாபிக்ஸ்' என்ற கோதுமைப் பிஸ்கட்டோடுதான் அவ்வூர் ஜனங்கள் அக்கல்லை ஒப்பிடுகிறார்கள். மைகா என்னும் அப்பிரகம் அளவுக்கு மீறிக் கலந்ததே முக்கிய காரணம் என்று 2017-ல் நிபுணர் குழு அறிக்கை தந்தது. பின்னர் ஆராய்ந்த விஞ்ஞானிகள், பைரோடைட் என்ற இரும்புக் கந்தகத் தாது ஈரமும் காற்றும் பட்டுச் சிதைந்து, சிமெண்டை உள்ளிருந்தே அழிப்பதைக் கண்டார்கள்.

2020-ல் தொடங்கிய மானியத் திட்டத்தில், செலவில் பத்தில் ஒன்பது பங்கைச் சர்க்கார் ஏற்றது. கேட்கத் தாராளமாகவே இருக்கிறது. ஆனால், இடிந்துகொண்டிருக்கும் வீட்டின்மேல் வாங்கிய கடனுக்கே மாதந்தோறும் தவணை கட்டிவரும் குடும்பம், எஞ்சிய ஒரு பங்குக்கு எங்கே போகும்? போதாக்குறைக்கு, சுவரைத் துளைத்து மாதிரி எடுத்துச் சோதிப்பதற்கு ஆயிரக்கணக்கான யூரோக்களை முன்னதாகவே கைப்பணமாகச் செலவிட்டவர்களால்தான் விண்ணப்பமே போட முடிந்தது. கல்லின் தரத்தைக் கண்காணிப்பது சர்க்காரின் கடமை. வீடு கட்டுகிறவன் கல்லை உடைத்து ரசாயனப் பரீட்சை செய்து பார்க்க முடியாது. ஆகவே அந்தப் பத்தில் ஒரு பங்கை அவன் தலையில் சுமத்தியது அநியாயம் என்றே நான் கருதுகிறேன். 2021-ல் ஆயிரக்கணக்கானோர் டப்ளின் வீதிகளில் திரண்டு, '100 சதவீதம்' என்ற ஒரே கோரிக்கையை முழங்கினார்கள்.

அதன் பலனாக 2022-ல் புதுச் சட்டம் பிறந்தது. உச்சவரம்பு 2,47,500 யூரோவிலிருந்து 4,20,000 ஆயிற்று. 2024-ல் 4,62,000 ஆக உயர்ந்தது. சோதனைப் பொறுப்பும் அரசாங்க வீட்டுவசதி நிறுவனத்தின் கைக்கு மாறியது. எனினும் மானியம் சதுர அடிக்கு இவ்வளவு என்ற கணக்கிலேயே அளக்கப்படுவதால், கொத்தனார் கேட்கும் கூலிக்கும் சர்க்கார் விதித்த விகிதத்துக்கும் இடையே விழும் தொகை குடும்பத்தின் பொறுப்பாகவே நிற்கிறது. அஸ்திவாரத்தை மாற்றும் செலவு அத்திட்டத்தில் சேர்க்கப்படவில்லை. கல் கெட்டது நிச்சயமானாலும், விதித்த அளவுக்குச் சேதம் வெளியே தெரியாதவரை, விண்ணப்பித்தவர் காத்திருக்கவேண்டும்.

இதே பைரோடைட் அமெரிக்காவின் கனெக்டிகட் ராஜ்யத்தில் வீடுகளின் அஸ்திவாரங்களையே தின்றது. அங்கே வீட்டுக் காப்பீட்டுப் பத்திரம் ஒவ்வொன்றின்மீதும் ஆண்டுக்கு 12 டாலர் வசூலித்து நிதி திரட்டிய ஏற்பாட்டை அடுத்த வாரம் விவரிக்கிறேன்.