பம்பு இல்லாமல் காற்றை அளப்பது எப்படி?

டி.டி.டி., பி.சி.பி. போன்ற நச்சுகள் திறந்தவெளிக் காற்றில் இருப்பது பெரும்பாலும் ஒரு கன மீட்டருக்குப் பிகோகிராம் கணக்கில்தான். ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு! பென்சீன் போலச் சட்டென ஆவியாகும் பொருள் என்றால், வெற்றிடமாக்கிய எஃகுக் குடுவையில் காற்றைப் பிடித்து வந்தாலே போதும். டி.டி.டி. போன்றவற்றுக்கு அது பத்தாது.

அதனால் பம்பு வைத்து 24 மணி நேரத்தில் சுமார் 300 கன மீட்டர் காற்றை இழுக்கிறார்கள். முன்னால் உள்ள இழை வடிகட்டி தூசியைப் பிடிக்கும். பின்னால் உள்ள பாலியூரித்தேன் நுரை ஆவியைப் பிடிக்கும். வடிகட்டியில் ஒட்டியதிலும் கொஞ்சம் ஆவியாகி நுரைக்குப் போய்விடும் என்பதால், ‘தூசியில் இவ்வளவு, ஆவியில் இவ்வளவு’ என்ற பிரிவினையை நான் முழுசாக நம்பமாட்டேன்.

மின்சாரமே இல்லாத மலையுச்சியில்? 2004 இறுதியில் கனடா தொடங்கிய உலகளாவிய கண்காணிப்பு வலையமைப்பு, பறக்கும் தட்டு மாதிரி ஒரு கருவியைப் பயன்படுத்துகிறது. இரண்டு எஃகுக் கிண்ணங்கள்; நடுவே 14 செ.மீ. விட்டமுள்ள நுரை வட்டு. கிண்ணங்கள் மழையையும் வெயிலையும் தடுக்கும், காற்றின் வேகத்தையும் தணிக்கும். உள்ளே நுழையும் மூலக்கூறுகள் தாமாகவே நுரையில் ஒட்டிக்கொள்ளும். நாளொன்றுக்குச் சுமார் 4 கன மீட்டர் காற்றிலிருந்து பிடிக்கும் என்று வைத்து, மூன்று மாதம் தொங்கவிடுகிறார்கள்.

அந்த 4 எல்லா இடத்துக்கும் பொருந்துமா? பொருந்தாது. புயலடிக்கும் கடற்கரையில் கூடும். அந்தந்த இடத்தின் உண்மையான அளவைக் கண்டுபிடிக்க ஒரு தந்திரம் உண்டு: இயற்கையில் இல்லாத, ஐசோடோப்பு அடையாளமிட்ட சேர்மங்களை முன்கூட்டியே நுரையில் ஏற்றிவிடுவார்கள். அவற்றில் எவ்வளவு பறந்துபோனது என்று பார்த்தால், எவ்வளவு காற்று வந்துபோனது என்பது கணக்கில் வந்துவிடும்.