குருவியின் தலைக்குள் ஓர் அட்டைப்பெட்டி

மாணவர்களே! மதுரைக் கடைவீதியில் அரிசி பொறுக்கும் சிட்டுக்குருவிகளில் இவ்வாண்டுக் குஞ்சு எது, மூத்தது எது? முதல் இறகுதிர்ப்பு முடிந்துவிட்டால் இறகைப் பார்த்துச் சொல்ல இயலாது. மண்டையோடு சொல்லும்.

கூட்டைவிட்டு வெளிவரும் குஞ்சுக்கு மண்டைக் கூரை ஒற்றை எலும்புத் தகடுதான். பின்னர் அதனடியில் இரண்டாம் தகடு வளர்கிறது. இடையே காற்றும் நுண்ணிய எலும்புத் தூண்களும். ராபர்ட் நீரோ என்பவர் 1951-இல் இவ்வளர்ச்சியை விரிவாக எழுதினார். முடிய ஆறேழு மாதம் ஆகும்.

இயற்பியல்காரனான எனக்கு இதுவே பிடித்த இடம். நெளிதாள் வைத்த அட்டையை வளைத்துப் பாருங்கள். தகடுகள் விலகி நிற்பதால் எடை அதிகம் கூடாமல் விறைப்பு கூடுகிறது.

கால்வளையமிடுவோர் தலையிறகை நீரால் ஒதுக்கி, மெல்லிய தோலினூடே பார்ப்பர். (பயிற்சி பெற்றோர் வேலை இது, நீங்கள் குருவி பிடிக்கப் போகாதீர்கள்!) ஒற்றைத் தகடு இளஞ்சிவப்பாகத் தெரியும்; இரட்டை, வெண்புள்ளிகளுடன் வெளிறியிருக்கும். அப்புள்ளிகளே தூண்கள்.